ரப்பர் விதையின் நிறம்

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் விதை கிடக்கும். விதைக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. காய் வெடிக்கும் காலத்தில் தகரக் கூரைமேல் யாரோ கல் விட்டெறிவதுபோல நாள் முழுக்க விழும். ஆனால் துரையின் விதை அவரே தேடிப் பொறுக்கியது. புள்ளி அதிகமில்லாமல் அடர்ந்த காப்பி நிறத்தில், பையில் கிடந்து தேய்ந்து பளபளப்பாக இருக்கும். அவர் வளர்த்த பெரிய நாய்களின் குட்டிகள் வளர்ந்து வரும்போது, குட்டியின் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, அந்த விதையைக் கண்ணோரம் வைத்துப் பார்ப்பார். கண் விதையளவு கருப்பாக இருந்தால் குட்டி பிழைத்தது. விதையைவிட வெளுத்திருந்தால் துப்பாக்கி.

நான் அந்த நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். சிங்கப்பூருக்கு வடக்கே, கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றை ஒட்டிய தோட்டம் அது. ரப்பர் நல்ல விலை போய்க்கொண்டிருந்த வருடங்கள். எனக்குத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. நாலு பேரோடு நின்று பேச வராது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் பக்கத்து மர நிரைக்காரன் கேட்பதற்குப் பதில் சொல்வதற்குள் வியர்த்துவிடும். நாய்களுக்கு ஆள் வேண்டும் என்று பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பியபோது, "அந்த ஊமக்கோட்டான அனுப்புங்கடா. நாய் என்ன, பேசச் சொல்லியா கேக்கப்போவுது?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

கிரேட் டேன் என்று அந்தச் சாதிக்குப் பெயர். நாய் நின்றால் அதன் முதுகு என் இடுப்பைத் தொடும். நாங்கள் கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் கன்னுக்குட்டி நாய் என்பார்கள். அது எப்படி இருக்கவேண்டும் என்று துரைக்கு மனப்பாடம். தலை செங்கல் மாதிரி நீண்டு சதுரமாக இருக்கவேண்டும். கழுத்து தூக்கி நிற்கவேண்டும். மஞ்சள் உடம்பு என்றால் முகம் மட்டும் கரி பூசியதுபோல் கருத்திருக்க வேண்டும். காலில் வெள்ளை கூடாது. கண் கருப்பாக இருக்கவேண்டும். "மஞ்சக் கண் இருந்தா நாய் மூஞ்சி திருடன் மூஞ்சி ஆவுது" என்று அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

காலில் வெள்ளையோடு பிறந்த குட்டிகள் அன்றைக்கே வாளிக்குப் போகும். வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. அமுக்கிப் பிடிப்பதை அவர் வேறு கையில் விடமாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இந்த மாதம் மழை அதிகம், ஆறு ஏறுமா என்றெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே செய்வார். நான் ஆமாம் தொரே என்பேன். கண்ணின் விஷயம் மட்டும் பிறந்தவுடன் தெரியாது. கண் திறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் நீலம்தான். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கருக்கத் தொடங்கும். கருக்காததும் உண்டு.

நான் சொல்லவந்த குட்டி அப்படிக் கருக்காமல் நின்றது. பெட்டைக் குட்டி. அந்த ஈற்றிலேயே எலும்பிலும் உயரத்திலும் அதற்கு இணையில்லை. அது நடப்பதைப் பார்க்கவே துரை பங்களாப் படியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் கண் இரண்டும் எலுமிச்சைப் பழம். மற்றக் குட்டிகளை விற்றபிறகு ஒருநாள் விதையை வைத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"பால் பல்லு கொட்டட்டும். அதுக்கப்புறம் கண் மாறாது. அப்ப பாக்கலாம். கருப்பாச்சின்னா சிங்கப்பூர் போவும், கப் வாங்கும். ஆகலே..." என்று விரலை நீட்டி, "டூம்" என்றார்.

நாய்களுக்குச் சோறு பொங்கியது என் மனைவி. சோறும் மாட்டு எலும்பும் போட்டுப் பெரிய தகர டின்னில் வேகவைப்பாள். அன்று அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். துரை போனபிறகு குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

என் மனைவிக்குப் பூனைக்கண். வெயிலில் நின்றால் தேன் நிறத்தில் தெரியும். அதை வைத்து அவள் பட்டது அதிகம். பூனக்கண்ணி என்றுதான் லயத்தில் கூப்பிடுவார்கள். "ஒங்காத்தா எந்தத் தொரை வீட்ல வேல செஞ்சா?" என்று தண்ணீர்க் குழாயில் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவளைப் பெற்ற தாய் கப்பலிலிருந்து இறக்கி நோய்க்காகத் தடுத்துவைத்த முகாமிலேயே, அவளைப் பெற்றுப்போட்டுவிட்டு இறந்தவள். எந்தத் துரையையும் பார்த்திருக்கமாட்டாள். இவள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பத்தோடு பதினொன்றாக வளர்ந்தாள்.

"எங்கம்மா இருந்திருந்தா மை போட்டு விட்டிருக்கும். பச்சப் புள்ளையிலேருந்து போட்டா கண்ணு கருக்கும். எனக்குப் போட ஆளில்ல, அதான் இப்படியே நின்னுபோச்சி" என்றாள். "இதுக்கு நான் இருக்கேன்ல?"

அதுதான் அவள் நம்பிக்கை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கைதான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரி போட்டாள். ஆமணக்கெண்ணெயில் எரித்து, தட்டில் படிந்த கரியை வழித்து மை கூட்டினாள். பிள்ளைக்குப் போடுவதுபோலக் குட்டியின் தலையைக் கைக்குள் அணைத்துப் பிடித்து இமையோரம் இழுத்துவிட்டாள். முகமே கருப்பு என்பதால் மை இருப்பது வெளியே தெரியவில்லை. துரை வைத்த ஆங்கிலப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "அடியே" என்றுதான் கூப்பிடுவாள். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. யார் யாரை "அடியே" என்று கூப்பிட்டாலும் குட்டி காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நிற்கும்.

குட்டி வளர்ந்தது. பல்லும் ஆடத் தொடங்கியது. காலையில் கூண்டைக் கூட்டும்போது சாக்கில் சின்னப் பல் கிடக்கும். என் மனைவி அதைத் துரை கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். பல்லை ஒளித்துவிட்டால் நாள் நின்றுவிடுமா? வாய்க்குள் புதுப் பல் முளைப்பதை என்ன செய்வது? ஒவ்வொரு பல் விழும்போதும் ஓடிப்போய்க் கண்ணைப் பார்ப்பாள். எலுமிச்சை அப்படியே இருந்தது.

மை விஷயம் லயத்துக்குத் தெரிந்துபோயிற்று. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் கங்காணி மனைவி ஆரம்பித்தாள்.

"என்னாடி, நாய்க்கு மை போடுறியாமே! அப்பிடியே பொட்டும் வச்சி விடு. எங்க வீட்டுக் கடுவன் நாய் பொண்ணு பாக்க வருது."

"பூனக்கண்ணிக்கு மஞ்சக்கண்ணி பொறந்திருக்கு, சீராட்ட வேணாமா?" என்றாள் இன்னொருத்தி.

"புள்ள இல்லாதவ. நாய்னு பாத்தா ஆவுமா?"

அவள் குடத்தைத் தூக்கப் போனாள். கங்காணி மனைவி குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்வதுபோல, "வெறும் மை போட்டா ஒண்ணும் ஆவாதுடி. ஊமத்த எலைய கசக்கி அந்தச் சாத்த மையில கொழச்சி வுடு. புல்லு வெட்டையில ஒரு தடவ எங் கண்ணுல பட்டுருச்சி. எரும கண்ணு மாதிரி கருகருன்னு ஆயிருச்சி தெரியுமா?" என்றாள். அப்போது அவளுக்குப் பல நாள் பார்வை மங்கிக்கிடந்ததைச் சொல்லவில்லை. என் மனைவி போனபிறகு அவர்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். நாய் குருடாகும், பூனைக்கண்ணி அழுவாள், பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஊமத்தை எங்கள் கக்கூஸ் பக்கமே முளைத்துக்கிடந்தது. சாறு கூட்டிய மை போட்ட அன்றைக்கே கண் மாறிவிட்டது. மஞ்சள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் கருப்பு பரந்து நின்றது. என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசிப் பால் பல்லும் விழுந்தபிறகு துரை விதையோடு வந்தார். தாடையை நிமிர்த்தினார். விதையைவிடக் கண் கருப்பு. நம்பமுடியாமல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கி அறைந்து, "பாத்தியா! நான் சொன்னேன்!" என்றார். நானும் ஆமாம் தொரே என்றேன். சிங்கப்பூரில் நாய்ப் போட்டிகளுக்கு நடுவராக நிற்கும் தன் சிநேகிதரை அழைத்து இதைக் காட்டவேண்டும் என்றார்.

சிநேகிதர் வரும்வரை சாற்றை நிறுத்த முடியாது. ஒரு நாள் விட்டாலே ஓரத்து மஞ்சள் உள்ளே நகரத் தொடங்கியது. ஆனால் குட்டிக்கு வெயில் ஆகவில்லை. கூண்டைத் திறந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிழலைத் தேடிப் போகும். தண்ணீர் வாளியில் மூக்கை இடித்துக்கொள்ளும். "அடியே" என்றால் முகத்தைப் பார்க்காமல் சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பும்.

"இதுக்குக் கண்ணு தெரியல புள்ள" என்றேன்.

"தெரியாட்டி என்னாங்க? உசுரோட இருக்குதுல்ல?"

நான் தண்ணீர் வாளியைக் குட்டியின் மூக்கருகே நகர்த்தி வைத்தேன்.

சிநேகிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டபிறகு சிங்கப்பூரிலிருந்து மோட்டார் காரிலேயே வந்துவிட முடிந்தது. நல்ல உச்சிவெயிலில், பங்களாப் புல்வெளியில், குட்டியை நடத்திக் காட்டச் சொன்னார்கள். பங்களாவில் சமைக்கும் குசினிக்காரச் சீனர் விஸ்கிப் போத்தலும் கிளாசும் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் பேசுவதை எங்களுக்குச் சொல்ல தோட்டக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி நின்றார். கங்காணியும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் மனைவி குசினிச் சுவர் ஓரம் நின்றாள்.

சிநேகிதர் குட்டியின் முதுகைத் தடவினார், காலைத் தூக்கிப் பார்த்தார், தலையை அளப்பதுபோல் இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். துரை பூரித்துப்போய் நின்றார். பிறகு சிநேகிதர் கண்ணைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்துக் கிழித்து, கண்ணுக்கு எதிரே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார். கண்ணின் கருப்பு அசையவேயில்லை. குச்சியை ஊதி எறிந்துவிட்டு ஏதோ சொன்னார். துரையின் முகம் சிவந்தது.

கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "நாய்க்குக் கண் தெரியாதாம். பிறவிக் குருடாம். தாயின்ரை ரத்தத்திலை இருந்து வந்த கேடு எண்டு சொல்லுறார்" என்றார். துரை துப்பாக்கி பிடிப்பதுபோல் கையைக் காட்டி ஏதோ கத்தினார். கிராணி அதையும் சொன்னார்: "தாயையும் அவிட்டுக்கொண்டு வரட்டாம். துவக்கும் எடுத்துவரட்டாம்."

அப்போதுதான் என் மனைவி புல்வெளிக்கு நடுவில் வந்துவிட்டாள். கூலி ஆட்கள் அந்தப் புல்லை மிதிக்கக் கூடாது. அவள் மிதித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"குருடு இல்லிங்க தொரே. நான்தான் மருந்து போட்டேன். கண்ணு கருக்கட்டும்னு ஊமத்தஞ்சாறு போட்டேன். நாலு நாள் விட்டா சரியாயிடும். தாய் நாய ஒண்ணும் செஞ்சிராதீங்க."

துரைக்குத் தமிழ் புரியும். அவர் கிராணியைப் பார்க்காமல் நேரே சிநேகிதரிடம் சொன்னார். சிநேகிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இருவருக்கும் பந்தயம் வந்துவிட்டது. மருந்துதான் என்றால் கண் மறுபடி மஞ்சளாகும், தாயின் ரத்தத்தில் பழுதில்லை. கருப்பாகவே நின்றால் குருடுதான், தாயும் சாகவேண்டும். துரை மருந்து என்றார், சிநேகிதர் குருடு என்றார். ஒரு போத்தல் பந்தயம். கண் தெளியும்வரை சிநேகிதரும் பங்களாவில் தங்குவதாக ஏற்பாடு. குட்டியைச் சாமான் கொட்டகையில் போட்டுத் துரையே பூட்டினார். "நீ கிட்ட போகக் கூடாது" என்று என் மனைவியிடம் விரலை ஆட்டினார்.

சோறு வைக்க மட்டும் எனக்குத் திறந்துவிட்டார்கள், கங்காணி காவலில். என் மனைவி கொட்டகையின் பலகைச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். உள்ளே இருட்டு. அவளுக்கு ஒன்றும் தெரியாது. லயத்துக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் உட்காருவாள். கை கூப்பமாட்டாள்.

"எதைக் கேட்டுக் கும்புடறதுன்னு தெரியலிங்க" என்றாள் என்னிடம். "கருப்பா நில்லுன்னா தாயும் சேந்து ரெண்டும் போயிடும். மஞ்சளாவுன்னா இது போயிடும்."

"தொரைகிட்டக் கேட்டுப் பாப்போம்" என்றேன். "வேணாங்கற நாய்தான? நம்மகிட்டக் குடுக்கச் சொல்லிக் கேப்போம்." அதைக் கேட்டபிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

கண் தெளிந்துவிட்டது. கொட்டகையைத் திறந்த காலையில் குட்டி வாசலில் நின்று வெளியே பார்த்தது. வெயிலுக்குக் குனியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, சுவரோரம் நின்ற என் மனைவியைக் கண்டதும் சங்கிலியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. இரண்டு முன்னங்காலையும் அவள் தோளில் போட்டு முகத்தை நக்கியது. கண் அசல் எலுமிச்சை.

சிநேகிதர் பந்தயத்தில் தோற்றதற்குக் கையை விரித்துக்காட்டினார். துரை விதையை எடுத்துக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் பார்த்தார்.

என் மனைவி குனிந்து அவர் பூட்ஸ் காலுக்கு முன்னால் மண்ணைத் தொட்டாள். "எங்களுக்குக் குடுத்துருங்க தொரே. லயத்துல ஒரு மூலையில கெடக்கட்டும். நாங்க திங்கறதுல போட்டு வளத்துக்கறோம்."

"லயத்திலே விட்டா லயத்து நாயோட சேரும். குட்டி போடும்" என்றார் துரை, பொறுமையாகத்தான். "என் நாய் ரத்தம், மஞ்சக் கண்ணோட கம்பம் கம்பமா, ஊர் ஊரா சுத்தும். கூடாது."

பிறகு அவளை உற்றுப் பார்த்தார். எத்தனையோ வருடம் அவர் நாய்களுக்குச் சோறு பொங்கியவள்தான். அன்றுதான் முகத்தைப் பார்த்தார்போல. நாய்க்குச் செய்வதுபோலவே அவள் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, விதையை அவள் கண்ணோரம் வைத்தார்.

"அலமாக்! இவளும் பெயில்!" என்றார்.

கங்காணிதான் முதலில் சிரித்தார். கிராணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிநேகிதருக்கு விஷயம் புரிந்ததும், துரையின் கையிலிருந்து விதையை வாங்கித் துரையின் கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்தார். துரைக்குக் கண் நீலம், தண்ணீர் கலந்த நீலம். "யூ டூ!" என்று அவர் தோளில் குத்தினார். துரை சுடப்பட்டவர்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக் காட்டினார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குசினிக்காரச் சீனர் மட்டும், "காசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டு முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை வாங்கினார். குட்டி நிற்கவில்லை. கொட்டகையில் அடைந்து கிடந்த காலுக்கு ஓட்டம் கிடைத்த சந்தோஷத்தில் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. துரை துப்பாக்கியை இரண்டு தரம் தூக்கி இறக்கினார். "கூப்பிடு" என்றார் என் மனைவியிடம். அவள் வாயைத் திறக்கவில்லை. "ஏய், கூப்பிடு!" அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கங்காணி ஓரடி முன்னால் வந்தார். தொண்டையைக் கனைத்து, பெண் குரலில், என் மனைவி கூப்பிடுவது மாதிரியே இழுத்து, "அடியே..." என்றார்.

குட்டி நின்றது. காதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு துரை என்னிடம், மழைக்கு முன்னால் புதைத்துவிடு, குழி ஆழமாக இருக்கட்டும், பன்றி தோண்டிவிடும் என்றார். ஆற்றோரம் இருந்த பால்மரத்தின் கீழ் நான் குழி வெட்டினேன். மண்ணை மூடும்போது மரத்திலிருந்து விதை விழுந்துகொண்டிருந்தது. தாய் நாய் அன்று மாலை வழக்கம்போலச் சோற்றைத் தின்றது. சோறு பொங்கியதும் என் மனைவிதான். மறு ஈற்றுக்கு அதுவே மறுபடி குட்டி போட்டது.

லயத்துப் பிள்ளைகளுக்கு அதன்பின் ஒரு விளையாட்டு கிடைத்தது. விதையைப் பொறுக்கி ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் வைத்து, "பாஸ், பெயில்" என்று கத்துவார்கள். பெயிலானவன் செத்து விழவேண்டும். என் மனைவி அந்தப் பக்கம் போனால் எல்லோரும் சேர்ந்து, "பெயில்! பெயில்!" என்பார்கள். கங்காணி மனைவி பிள்ளைகளை அதட்டுவாள், சிரித்துக்கொண்டே.

ஆயர் ஈத்தாம் பக்கம் வேறு தோட்டத்துக்கு நாங்கள் மாறிப்போனபிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. பிறந்த சில நாளில், பிரசவம் பார்த்த கிழவி பிள்ளையைக் குளிப்பாட்டிக் காலில் கிடத்தி, விரல் நுனியில் மையை எடுத்தாள். என் மனைவி படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்துவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"மை போடாதீங்க."

"போடாட்டி ஒன்னாட்டம் பூனக்கண்ணா போயிரும்டி."

"போவட்டும். மனுசப் புள்ளைய அதுக்காகச் சுட மாட்டாங்க."

கிழவிக்கு அது விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மையை வீணாக்குவானேன் என்று, தன் சுருங்கிய கண்ணிலேயே இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.